மாட வீதிக்காரன் ஆன கதை

போலீஸ் முன்னால் நான் இதுவரை ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பொய்யில்தான் குடியிருக்கிறேன். வாடகை கிடையாது, வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு, மாமியார் கையால் காபி வேறு.

எனக்குப் புத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். மனைவி கவிதா திருப்பதிக்காரி. கோயில் மாட வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு ஒரே பெண். கல்யாணம் பேசும்போதே மாமா, "நீங்க எங்களோடவே வந்து இருந்துடுங்க மாப்ளே" என்று கேட்டார். எங்கள் நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வூட்டோட மாப்ள ஆகற வழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாது" என்றார். நானும் மீசையைத் தடவிக்கொண்டேன் (அப்போது மீசை சரியாக முளைக்கக்கூட இல்லை). இத்தனைக்கும் எனக்கு வேலை திருப்பதியில்தான். ஆபீஸிலிருந்து மாமனார் வீடு நடந்து போகிற தூரம். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக மாசாமாசம் பஸ் பாஸ் எடுத்து ஊருக்கும் திருப்பதிக்கும் அலைந்துகொண்டிருந்தேன். மாமா வருஷம் தவறாமல் கேட்பார். நானும் வருஷம் தவறாமல் முறைப்பேன்.

அந்த நேரத்தில்தான் என் தங்கை பவானிக்கு இடம் அமைந்தது. பையன் புத்தூர். இரண்டு பேருக்கும் ரொம்பப் பிடித்துப்போய், போனை சார்ஜில் போட்டபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு கஷ்டம், பையனோட அப்பா. சகுனம் பார்க்கிற மனுஷன். இதற்கு முன்னால் ஓர் இடத்தில் பெண் பார்க்கப் போனபோது கரண்ட் போய்விட்டது என்று, கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தவராம்.

நிச்சயதார்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை, புத்தூரில் ஒரு மண்டபத்தில். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். அதற்கு முந்தின நாள்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் திருப்பதியில் புதுக் கார் ஒன்று எடுத்திருந்தார்கள். காலையில் மலையடிவாரத்தில் பூஜை போட்டு யாராவது ஓட்டி வரணுமே என்று பேச்சு வந்தது. "நான் ஓட்டிக்கினு வர்றேன்" என்று முந்திரிக்கொட்டை மாதிரி வாயைத் திறந்தது நான்தான்.

"முதல் பயணம் தம்பி" என்றார் பையனோட அப்பா. "ராகு காலத்துக்கு முன்னால மண்டப வாசல்ல நிக்கணும். வழியில எங்கயும் நிறுத்தாதீங்க."

முந்தின நாள் ராத்திரி பவானி என்னிடம் தனியாக வந்து, "அண்ணா, நாளைக்கு மட்டும் எதையும் சொதப்பாதே" என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

காலையில் பூஜை முடிந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. அம்மா வீட்டுக்குப் போயிருந்த கவிதாவையும் மாமாவையும் ஏற்றிக்கொள்ள நேராக மாட வீதிக்குப் போனேன். அங்கே உற்சவ சமயம். இந்த வீதியில் குடியிருப்பவர்களின் வண்டிகள் மட்டும்தான் நிற்கலாம் என்று தெலுங்கில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். படித்தேன். படித்துவிட்டுத்தான் நிறுத்தினேன் (இந்த வீதி மாப்பிள்ளையை எவன் கேட்கப்போகிறான்?). உள்ளே போனால் மாமியார் சுடச்சுட இட்லி வைத்துவிட்டார். மாப்பிள்ளை வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காதே, உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வெளியே வந்தால் முன்சக்கரத்தில் சங்கிலி. கண்ணாடியில் வைத்த குங்குமப் பொட்டின் மேலேயே அபராத நோட்டீஸ்.

"இப்பவே கட்டிடறேன், அவுத்து விடுங்க" என்று பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளிடம் கெஞ்சினேன்.

"வெளியூர் வண்டி யார்டுக்குப் போகும் சார். சாயந்தரம் சாமி ஊர்வலம் முடிஞ்சப்புறம் கட்டிட்டு எடுத்துக்கலாம். வீதிக்காரங்க வண்டின்னா எச்சரிச்சு விட்டுடுவோம். ஆட்சேபணை இருந்தா எஸ்.ஐ. அம்மாகிட்ட சொல்லுங்க."

வீதி முனையில் பந்தல் போட்டு, மேஜை நாற்காலி போட்டு எஸ்.ஐ. அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் ஒரு வரிசை. பின்னால் மாமாவும் கவிதாவும். பூஜை போட்ட கையோடு புது வண்டி போலீஸ் யார்டுக்குப் போனது என்று பையனோட அப்பா காதில் விழுந்தால், தட்டு மாற்றுவது இருக்கட்டும், மண்டபத்துக்குள்ளேயே வரமாட்டார். அப்போது பார்த்து போன். அவரேதான்.

"எங்க வந்துக்கினு இருக்கீங்க தம்பி?"

"வந்துக்கினே இருக்கோம்ங்க."

என் முறை வந்தது. எஸ்.ஐ. அம்மா ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புத்தூர் பக்கம்னு இருக்கே. இந்த வீதியில எந்த வீடு?" என்று தெலுங்கில் கேட்டார்.

"மாமனார் வீடு மேடம்."

"அப்ப நீங்க விருந்தாளி. அடுத்த ஆள் வாங்க."

வண்டியை இழுத்துப் போகிற கிரேன் வீதிக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதன் கொக்கி காரை நோக்கி ஆடிக்கொண்டே வந்தது. பவானி முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"விருந்தாளி இல்ல மேடம். இங்கயேதான் இருக்கேன்" என்றேன்.

எஸ்.ஐ. அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இல்லரிகமா?"

வீட்டோட மாப்பிள்ளையாக இருப்பதற்குத் தெலுங்கில் அதுதான் பேர். தலையை ஆட்டினேன்.

"கட்டிகா செப்பண்டி."

சத்தமாகச் சொல்லணுமாம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். கிரேன்காரன் கீழே இறங்கிக் கொக்கியைக் கையில் பிடித்துவிட்டான். "ஆமா மேடம், நான் வீட்டோட மாப்பிள்ளை" என்று பந்தல் அதிரக் கத்தினேன். எங்கள் வம்சத்து மானம் மொத்தமும் அந்த மேஜை மேல் விழுந்தது.

"சிக்கெந்துக்கு? வெட்கம் எதுக்கு? எங்க வீட்டுக்காரரும் இல்லரிகம்தான்" என்று சிரித்துவிட்டு, எஸ்.ஐ. அம்மா மாமாவைப் பார்த்தார். "பெரியவரே, நிஜமா?"

மாமா என்னையும் எஸ்.ஐ. அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்லத் தயங்குகிறார், அவ்வளவுதான், தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாம்மா. எங்க வீட்டுப் பிள்ளை."

சங்கிலியை அவிழ்த்தார்கள். வீதிக்காரர்கள் வண்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கரைச் சீக்கிரம் வாங்கிவிட வேண்டும், நிஜமாகவே இங்கே இருக்கிறேனா என்று ஆள் அனுப்பி விசாரிப்பேன் என்று எஸ்.ஐ. அம்மா சொல்லி அனுப்பினார். நான் வண்டியை விரட்டினேன்.

மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ரேணிகுண்டா தாண்டுகிறவரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவரோ போனில், "மாடி ரூமுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லு. கொசுவலையும் பார்த்து வை" என்று மாமியாருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் கவிதாவைப் பார்த்தேன். "இப்ப சொல்லித்தான் பாரேன்" என்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ராகு காலம் பிறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது மண்டப வாசலில் கார் நின்றது. பையனோட அப்பா ஆரத்தித் தட்டோடு வந்தவர், கண்ணாடியைப் பார்த்து நின்றுவிட்டார். நோட்டீஸைக் கிழித்த இடத்தில் பாதிக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. குங்குமம் அழிந்திருந்தது.

"இது இன்னா?"

பவானி வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நைனா அவள் பக்கத்தில். மாமா முன்னால் வந்தார்.

"நான் சொல்றேன் சம்பந்தி" என்று ஆரம்பித்து, சங்கிலி, கிரேன், பந்தல் என்று ஒன்று விடாமல் சொன்னார். "இத்தனை வருஷமா நான் கேட்டுக் கேட்டு நடக்காதது, உங்க வண்டியால இன்னைக்கு நடந்துச்சு. மாப்ள போலீஸ் முன்னால சத்தமா சொல்லிட்டாரு. எனக்கு ஒரு பிள்ளை கிடைச்சான்."

பையனோட அப்பா காரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். முகம் மெதுவாக மலர்ந்தது. "வண்டி வந்த நேரம் ஒரு வூட்டுக்குப் பிள்ளையே வந்திருக்கான். இதைவிட நல்ல சகுனம் எங்க கிடைக்கும்?" என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானே தம்பி?"

அப்போது இல்லை என்றால் சகுனம் போச்சு. சகுனம் போனால் பவானி கல்யாணம் போச்சு. நைனா முகத்தைப் பார்க்காமல், "அப்படித்தாங்க" என்றேன். ஆரத்தி சுற்றினார்கள். ராகு காலத்துக்கு முன்னாலேயே தட்டும் மாற்றிவிட்டார்கள். புத்தூரில் ஒடிந்த எலும்பைக் கட்டிவிட ஆள் உண்டு. என் நிலைமைக்குத்தான் அங்கே வைத்தியம் இல்லை.

பந்தியில் நைனா சாம்பார் வாளியோடு வந்தார். பிறந்ததிலிருந்து என்னை, சாப்பிட்டாயா என்பதைக்கூட "துன்ட்டியாடா" என்று மட்டுமே கேட்டவர், என் இலைக்கு எதிரே நின்று, "நல்லா சாப்பிடுங்க மாப்ளே. கூச்சப்படாதீங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. எஸ்.ஐ. அம்மா சொன்னபடியே ஆள் அனுப்பி விசாரித்தார். விசாரிக்க வருகிறவருக்காகக் கொஞ்ச நாள் மாடி ரூமில் இருந்தேன். அப்புறம் பஸ் பாஸ் எடுக்க மறந்துபோனேன். பவானி கல்யாணமும் ஜாம்ஜாம் என்று நடந்தது. ஊருக்குப் போனால் மட்டும் நைனா எழுந்து நின்று, "வாங்க மாப்ளே, பிரயாணமெல்லாம் சவுகரியமா?" என்பார், வீடே சிரிக்கும். ஆனால் மாட வீதிப் பக்கம் அவர் காலே வைக்கவில்லை. அது மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன உற்சவத்தில் ஒரு நாள் காலையில் கான்ஸ்டபிள் போன் பண்ணினார். "சார், ஒரு பெரியவர் பைக்கை நிறுத்திட்டு எங்களோட சண்டை போடறாரு. அவர் பிள்ளை இந்த வீதியில வீட்டோட மாப்பிள்ளையாம். நாங்க கேக்காமலே கத்திச் சொல்றாரு. கொஞ்சம் வர்றீங்களா?"

போனேன். அதே பந்தல். நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். கான்ஸ்டபிள் பைக் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுச் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். நைனா என்னைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"துன்ட்டியாடா?"

"இன்னும் இல்ல நைனா."

"சரி வா. எந்த வூடு?" என்று கேட்டுவிட்டு, நான் கையைக் காட்டுவதற்கு முன்னாலேயே சரியான வாசலைப் பார்த்து நடந்தார்.