மேற்படி எக்ஸ்

அடுத்தவன் உயிரை எடுத்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். எக்ஸ், ஒய் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எடுத்தவன் எங்கள் 'தீசிஸ்' ஒருவன்தான்.

யுத்த காலம். மேலமாசி வீதியில் ஒரே அறையில் இருந்தோம். நான் வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட். அவன் திருவாதவூர்க்காரன், காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்தபடியே டாக்டர் பட்டத்துக்குப் பதிந்து தீசிஸ், அதாவது ஆராய்ச்சிக் கட்டுரை, எழுதிக்கொண்டிருந்தான்; அதுவே பட்டப்பெயராகிவிட்டது. ஆறு மாதத்துக்கொரு தடவை சென்னை சர்வகலாசாலைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். முதல் அறிக்கையில் 'முக்கால்வாசி முடிந்தது' என்று எழுதினான். ஐந்தாவதில் 'பாதி முடிந்தது' என்று எழுதினான்.

மெஸ்ஸில் சாம்பாரைத் தொட்டு இலையிலேயே கணக்குப் போடுவான். சர்வர் வந்து நிற்பான்.

"அண்ணே, எலைய எடுக்கட்டுமா? ஆளுக நிக்கிறாய்ங்க."

"தொடாத! இப்பத்தான் வழி தெரியுது!"

இலையை அப்படியே அறைக்குத் தூக்கி வருவான். எறும்புகளுக்கு என் பாயில் விருந்து.

தீசிஸை நாலு பிரதி டைப் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கார்பன் தாளே கிடைக்காத நாள். நான் அடிப்பேன், மறுநாள் கிழிப்பான். "இதைவிடச் சுருக்கமா ஒரு வழி இருக்கு மாப்ள" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு தடவை தவணை கொடுத்த சர்வகலாசாலை, வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பதிவு ரத்து என்று எழுதிவிட்டது. நாலு வருஷப் பாடு மண்ணாகிவிடும். வியாழன் சாயங்கால மெயிலில் கட்டு போயாக வேண்டும்.

வியாழன் காலையில் கட்டைப் பிரித்தவன் அலறினான். "அடப்பாவி! எக்ஸ் மேல என்ன கேஸ் இருக்கு?"

பத்திரம் அடித்தே பழகிய கை. ஒவ்வொரு எக்ஸுக்கு முன்னாலும் இங்கிலீஷில் 'மேற்படி' என்று அடித்து வைத்திருந்தேன்!

ஆளுக்கொரு பிளேடை எடுத்துக்கொண்டு நாலு பிரதியிலும் சுரண்டினோம். மத்தியானம் திடீரென்று பிளேடைக் கீழே வைத்தான்.

"மாப்ள, மூணாவது அத்தியாயத்துல ஒரு சந்தேகம்..."

"பேனாவைத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்! சொரண்டுடா!"

ரயில் ஊதும்போது தபால் வண்டியில் கட்டைத் திணித்தோம்.

பரீட்சகர்கள் சீமையில் இருந்தார்கள். கப்பலில் போய், கப்பலில் பதில் வந்து, பட்டம் கிடைக்க ஒன்றரை வருஷம் ஆனது. பைண்டு செய்த தன் பிரதியை நேராக என்னிடம் கொண்டு வந்தான். புரட்டினேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு 'மேற்படி எக்ஸ்' அப்படியே நின்றது.

"ஐயையோ, ஒண்ண விட்டுட்டோமேடா!"

"நான்தான் வேணும்னே விட்டேன். டைப் அடிச்சவன் பேரெல்லாம் தீசிஸ்ல போடக் கூடாதுன்னு சென்னைல சொல்லிட்டாய்ங்க. அம்புட்டும் அடிச்சது நீதானே மாப்ள?"

அந்தப் புத்தகத்தில் எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை அதுதான். அதை எனக்கென்று விட்டு வைத்திருக்கிறான், பாவி.