பெட்டி பிரிக்காத ஞானி

மனிதர்களில் பொம்மை ஞானி என்று ஒரு வகை உண்டு. பொம்மை வைத்து விளையாடுகிறவரைச் சொல்லவில்லை. ஐம்பது வயதில் ஒருவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ரயில் விட்டால், விட்டுவிட்டுப் போகட்டும், நமக்கென்ன நஷ்டம்? நான் சொல்லும் ஆள் பொம்மையைத் தொடவே மாட்டார். வாங்குவார், பெட்டியோடு அடுக்குவார், கண்ணாடிக் கதவைப் பூட்டுவார், பூட்டிய கையோடு உங்கள் பக்கம் திரும்பி, அதிலிருந்து தாம் கற்ற வாழ்க்கைப் பாடத்தைச் சொல்லத் தொடங்குவார். நீங்கள் கேட்டீர்களா? இல்லை. அதனால் என்ன?

எனக்கு வாய்த்த ஞானி, லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனமொன்றில் மேற்பார்வையாளர். நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். போதாக்குறைக்கு எங்கள் வீடுகள் எதிரெதிர். அலுவலகத்தில் அவருக்கு ‘ஞானப்பெட்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கையெல்லாம் கிரீஸோடு ஒரு மெக்கானிக் ஓடி வருவார். “சார், கேபிள் இன்னும் வந்து சேரல. ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுபோச்சு.”

“பொறுமை வேணும் தம்பி. ஒரே ஒரு விண்வெளிக் கப்பலுக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா?”

“சார், அங்க பேஷன்டைப் படியில தூக்கிட்டுப் போறாங்க.”

“அதத்தான் சொல்றேன். பொறுமை.”

தன் சொந்தத் தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்த காசாளரின் தோளில் கைவைத்து, “ஒரு செட்டுல ஒண்ணு போயிட்டா, மிச்சம் இருக்கிறதோட அருமை கூடும் சார்” என்று இவர் ஆறுதல் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். காசாளர் அழுகையை நிறுத்திவிட்டார். ஆறுதலால் அல்ல.

வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் அவரும் மனைவியும். மற்றதில், ஏசி போட்டு, வெயில் படாமல் கனத்த திரை தொங்கவிட்டு, கவசம் பூண்டவர்களும் இறக்கை முளைத்தவர்களும் ஒற்றைக்கண் அரக்கர்களும் பெட்டி பெட்டியாகக் குடியிருந்தார்கள். மனைவியின் அம்மா வந்தால் கூடத்தில் படுக்கை. ஞானியின் சொந்த அண்ணன் வந்தாலும் கூடத்தில்தான். விருந்தாளிகள் ஒருவர்கூட இரண்டாம் இரவு தங்கியதில்லை. “பற்று அறுக்கணும்னு என் பொம்மைகள்தான் எனக்குக் கத்துக்கொடுத்துச்சு” என்று அதற்கும் ஒரு பாடம் வைத்திருந்தார்.

இப்படி இருக்கையில் அவருடைய தங்கை மகள் பள்ளிக்கூடப் படியில் உருண்டு விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற சின்னப் பெண். தொடைவரைக்கும் மாவுக்கட்டு. தங்கை நர்ஸ், ஷிப்ட் மாறி மாறி வரும், கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆளில்லை. “கட்டு பிரிக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டும்” என்று ஞானியின் மனைவி முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். ஞானி வாயைத் திறப்பதற்குள் பிள்ளை வந்து சேர்ந்துவிட்டது. எங்கே படுக்கவைப்பது? கூடத்துச் சோபாவில்தான். மேற்குப் பார்த்த ஜன்னல். மத்தியானம் தாண்டினால் சோபா அடுப்பாகிவிடும். கட்டுக்குள் அரிக்கிறது என்று அந்தப் பெண் ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொண்டே கிடப்பாள். பொம்மை அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று வரும். கூடவே அரக்கர்களும் தெரிவார்கள்.

“மாமா, அவங்க எல்லாம் ஏன் பெட்டிக்குள்ளயே இருக்காங்க?”

“வெளிய எடுத்தா மதிப்பு போயிடும் பாப்பா.”

“அவங்களுக்கும் கால் உடைஞ்சிருச்சா?”

இந்தக் கேள்வியை அவர் மறுநாள் அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பிள்ளைக்குப் பதில் சொன்னாரா என்று நான் கேட்டேன். “எதுக்கு?” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. ஊழியர்களுக்கு உற்சாகமூட்ட வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள், அவர் வரவில்லை. அவசரத்துக்கு நம் ஞானியை ஏற்றிவிட்டார்கள். தலைப்பு: ‘பொம்மைகள் கற்றுத்தந்த பாடங்கள்’. சும்மா போவாரா? தம் சேகரிப்பிலேயே தலையாயதை, சீல் உடையாத நீலக் கவச வீரனை, துண்டில் சுற்றி, துண்டைப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்து, டாக்சியில் எடுத்து வந்தார். முதுகில் ஒரு பொத்தான்; அதை அழுத்தினால் வீரன் வாளைச் சுழற்றுவானாம். அழுத்திப் பார்த்தவர் யாருமில்லை.

மேடையில் மனிதர் பொழிந்து தள்ளினார். பொருள் முக்கியமில்லை, மனிதர்தான் முக்கியம் என்றார். கொடுக்கிறவன் கைதான் நிறையும் என்றார். உள்ளே இருக்கும் குழந்தையைச் சாகவிடாதீர்கள் என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னபோது குரல் கம்மியது, முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதே நேரத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு குழந்தை விசிறியால் விசிறிக்கொண்டு கிடந்தது.

பேச்சு முடிந்ததும் எங்கள் எம்.டி. மேடைக்கு வந்தார். உற்சாகமான மனிதர். “எங்க, காட்டுங்க பாப்போம்” என்று பெட்டியை வாங்கினார். வாங்கியவர் திருப்பிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தவர், நாம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்போமே அப்படி, கட்டைவிரலை மூடிக்குள் விட்டு ஒரு இழுப்பு இழுத்தார்.

சர்ர்ர்.

அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன். ஞானியின் முகத்தில் ரத்தம் வற்றி, காது இரண்டும் வெளுத்துவிட்டன. பிள்ளைக்குக் கண்ணாடி வழியாகக்கூடக் காட்ட மனம் வராதவர் இப்போது என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “பிரிங்க சார், தாராளமா பிரிங்க” என்றார், பெட்டி பிரிந்த பிறகு.

எம்.டி. பொத்தானை அழுத்தினார். வாள் சுழலவில்லை. இன்னொரு தரம் அழுத்தினார். எத்தனையோ வருடம் பெட்டிக்குள் இருந்து பிளாஸ்டிக் இற்றுப் போயிருக்க வேண்டும். தோளோடு வலது கை கழன்று மேடையில் விழுந்தது.

“என்னங்க இது, டூப்ளிகேட்டா?”

“இல்ல சார்... கொஞ்சம் பழசு சார்... பரவால்ல சார், நல்லதுதான் சார்.”

நல்லதாம்! சபை கைதட்டியது. அவரும் சேர்ந்து தட்டினார்.

இனி நடந்தது அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் வீரனையும் கையையும் பெட்டியையும் பரப்பிவைத்துக்கொண்டு பிணத்தருகே உட்கார்வதுபோல் உட்கார்ந்திருக்கிறார். சோபாவிலிருந்து பிள்ளை எட்டிப் பார்த்தாள்.

“மாமா, அதுக்கும் கட்டு போடலாம். நான் பிடிச்சுக்கிறேன், நீங்க சுத்துங்க.”

மனைவி சொன்னார்: “ஏங்க, அதுதான் இனிமே எதுக்கும் ஆகாதுன்னு ஆயிடுச்சே. புள்ளகிட்டக் குடுங்களேன். படுத்தே கிடக்குது பாவம்.”

இந்த இடத்தில் எந்தக் கல்நெஞ்சுக்காரனும் கொடுத்துவிடுவான். கல்நெஞ்சுக்காரன் வேறு, ஞானி வேறு. “உடைஞ்சதையும் மதிச்சுப் பாதுகாக்கணும்னு இன்னிக்கு ஒரு பாடம் கத்துக்கிட்டேன்” என்றார். கையை உள்ளே படுக்கவைத்து, மூடியை ஒட்டி, கிழிசல் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிள்ளை அழவில்லை. “அதுக்குக் கை வலிக்கும்ல அத்தை?” என்று மட்டும் கேட்டாளாம்.

அந்தக் கேள்வி அத்தையை என்னவோ செய்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத அம்மாள், மறுநாள் ஞானி அலுவலகத்தில் இருக்கும்போது என் மனைவியைத் துணைக்குக் கூப்பிட்டுக் கட்டிலை உள்ளே நகர்த்தி, பிள்ளையைத் தூக்கிக் கொண்டுபோய் அரக்கர்களுக்கு நடுவே படுக்கவைத்துவிட்டார். சாயங்காலம் வந்தவர் குதித்தார். “ஈரப்பதம் ஏறிடும்! மூச்சு விட்டா அட்டை உப்பிடும்!”

“அப்ப மூச்சு விடாத பொம்மைங்களோடயே நீங்க இருந்துக்குங்க. நானும் புள்ளையும் அவ அம்மா வீட்டுக்குப் போறோம்.”

ஞானி அடங்கினார். சாப்பாடு யார் போடுவது என்ற பாடம் உடனே விளங்கியிருக்கும்.

பிள்ளை அங்கே நிம்மதியாகத் தூங்கினாள். கட்டு பிரிக்கும்வரை ஒரு பெட்டியைக்கூடத் தொடவில்லை. இவர் தினமும் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். கட்டும் பிரித்தார்கள். நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கினாள். ஊருக்குப் புறப்படுகிற அன்று, அலமாரியைத் துடைப்பதற்காக அத்தை கதவைத் திறந்தபோது, பிள்ளை தன்னிடம் மிச்சமிருந்த ஒரு பிளாஸ்திரியை வீரனின் பெட்டியில், கை இருக்கவேண்டிய இடத்துக்கு நேரே, கவனமாக ஒட்டிவிட்டு, இரண்டு தரம் தடவிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அதைக் கண்டுபிடித்த சாயங்காலம் எதிர்வீட்டில் எழுந்த கூச்சலைக் கேட்டு நான் திருடன் என்று நினைத்து ஓடினேன். “பசை! அட்டையில பசை!” என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்திரியைப் பிய்த்தார், அதோடு வீரனின் படமும் பாதி உரிந்து வந்தது. அதைக் கையில் பிடித்தபடி என்னிடம் திரும்பி, மூச்சு வாங்க, “பாருங்க சார், இதுலயும் ஒரு பாடம் இருக்கு. குழந்தைங்கள மட்டும் வீட்டுக்குள்ள விடவே கூடாது” என்றார். பின்னால் அவர் மனைவி நின்றிருந்தார். அவர் குப்பைக் கூடையில் எறிந்த அந்தப் பிளாஸ்திரியை எடுத்து, நிமிர்த்தி, தன் மணிபர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். மறு மாதமே ஞானியின் தங்கை வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு வந்தார். இப்போது அடிக்கடி போகிறார். ஞானி ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டு, தனிமை கற்றுத்தரும் பாடங்களைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசத் தயாராகிறார்.

இதை அவரே படித்துவிட்டால் சண்டைக்கு வருவாரோ என்று பயப்படாதீர்கள். வரவேமாட்டார். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அச்சு அசல் இப்படித்தான் சார்” என்று என்னிடமே சொல்வார். நீங்களும் படிக்கும்போது யாரோ ஒருவரை நினைத்துச் சிரித்தீர்கள், இல்லையா? நல்லது. அவரும் இந்நேரம் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். யாரை நினைத்துச் சிரித்தார் என்று மட்டும் போய் விசாரித்துவிடாதீர்கள்.