கமராவுக்கு வைத்த பொட்டு

நான் சிறுத்தைகளுக்கான சரணாலயத்தில் வேலை செய்கிறேன். இன்றுவரை ஒரு சிறுத்தையைக்கூட (எங்கள் ஆட்களின் பேச்சில் அது புலி) நேரில் பார்த்ததில்லை. இனியும் பார்ப்பேன் என்ற நம்பிக்கை இல்லை. காரணம் என் அம்மா.

முதலில் என்னைத் தற்காலிகமாகத்தான் எடுத்தார்கள். மலையக ஊரான வட்டவளைக்குக் கீழே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஓர் ஆறு ஓடுகிறது. பாதை கிடையாது, சிக்னல் கிடையாது, இரத்தம் குடிக்கும் அட்டை மட்டும் தாராளம். அதன் கரையில் தானாக வீடியோ எடுக்கும் கமராவைக் கட்டி, ஒரு சிறுத்தையைப் படம்பிடித்துக் காட்டினால் வேலை நிரந்தரம் என்றார் எங்கள் மேலதிகாரியான பெரிய சேர். கட்டினேன். எல்லா மரமும் ஒன்றுபோல் இருந்ததால் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் துணியையும் சுற்றிவைத்தேன். (தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவன் செய்கிற காரியமா இது? அன்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.)

சில வாரம் கழித்து, என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவர் போய்க் கமராவின் மெமரி கார்டை எடுத்துவந்தார். "காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டேன்" என்று பயபக்தியோடு சொன்னார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

சேர் கடைசி வீடியோவிலிருந்து பார்க்கத் தொடங்கினார். திரை முழுக்கச் சிவப்பு.

"என்ன இது?"

"புலியோட நாக்கு சேர். கமராவ நக்கியிருக்கு." (வேலை ஆட்டம் காணும்போது வாய் தானாகப் பேசும்.)

அதற்கு முந்தியதும் சிவப்பு. ஆனால் மணிச் சத்தம் கேட்டது.

"புலிக்கு மணி கட்டினது யாரு?" என்றார் சேர்.

அதற்கும் முந்தியதில் திரை நிறைய ஒரு முகம். என் அம்மா. பின்னால் விறகுக்கட்டுகளோடு லயத்துப் பெண்கள்.

"சாமி, எம் மகன் காட்டு வேலைக்குப் போறான். ஒத்தப் புலிகூட அவன் கண்ணுல பட்டுறக் கூடாது. நீங்கதான் காப்பாத்தணும்" என்று கும்பிட்ட அம்மா, குங்குமம் தோய்த்த விரலைக் கமராவின் கண்ணிலேயே அழுத்தினார். பிறகு எல்லாம் சிவப்பு.

"யாரு இந்த அம்மா?"

"எங்கம்மா சேர்."

சேருக்குத் தமிழ் தெரியும். மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

மாலையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, அது சாமி இல்ல, கமரா. அந்த மஞ்சத் துணி நான் அடையாளத்துக்குக் கட்டினது."

"இருக்கட்டும். புலி வந்துச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்ன?"

என் வேலை போகவில்லை. கமரா சாமி இல்லை என்று லயங்களில் போய் விளக்க ஓர் ஆள் தேவை என்று சேர் என்னையே நிரந்தரமாக்கிவிட்டார். சக ஊழியர்கள் எல்லோரும் சிறுத்தை பார்த்துவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது அது போயிருக்கும். மலையில் புலி நடமாட்டம் என்றால் தேயிலைக் கொழுந்தெடுக்கும் அக்காமார், "தம்பி, நீங்க முன்னால போங்க, நாங்க பின்னால வாறோம்" என்கிறார்கள்.

போன மாதம் என் மகள் சரணாலயத்துக்குப் புறப்பட்டாள். "அப்பா, நீங்க வராதீங்க. நான் புலி பாக்கணும்" என்றாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "நீயும் கூடவே போடா."