உட்காராத கண்டக்டரம்மா

எங்கள் தெருவில் கண்டக்டரம்மா உட்கார்ந்து பார்த்தவர் ஒருவரும் கிடையாது. சூரியன் மேற்கே உதித்தது என்று யாராவது வந்து சொன்னால், பாவம், ஏதோ கண் கோளாறு என்று விட்டுவிடுவோம். கண்டக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் மட்டும், அந்த ஆளுக்கு அப்புறம் எங்கள் தெருவில் யாரும் காபி கொடுக்க மாட்டார்கள்.

நீலசந்திராவில் பிறந்து வளர்ந்து, சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு பொம்மசந்திரா பக்கம், ஏரியை ஒட்டின எங்கள் தெருவில் மகள் வீட்டு மாடிக்குக் குடி வந்தார். பெயர் என்ன என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. ஒருமுறை அம்மன் கோயிலில் அர்ச்சனைக்காகக் கேட்டேன்.

"கண்டக்டர்னே சொல்லச் சொல்லுப்பா. அவளுக்குத் தெரியும். என் வண்டில வராத ஆத்தாவா?" என்றார். பூசாரியும் அப்படியே சொல்லித்தான் கற்பூரம் காட்டினார். அம்மனும் ஏற்றுக்கொண்டாள்.

காபி கொடுத்தால் வாசலில் நின்றபடியே குடிப்பார். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்பார். ரசம் கொண்டு வந்தவர் அவரை ஒரு பிரதட்சணம் சுற்றிவிட்டு, எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் வாளியோடு திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். காலியாகப் போகிற பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். புதிதாக வேலைக்கு வந்த கண்டக்டர், "அம்மா, சீட் காலி இதெ, கூத்கொள்ளி" என்று உட்காரச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சுவார். "நீ பின்னாடி டிக்கெட்டப் பாரு. நான் உனக்கு முன்னாடி பொறந்தவ" என்று பதில் வரும்.

என் மனைவிக்கு ஒரு சந்தேகம். நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏங்க கண்டக்டரம்மா, படுக்கிறீங்க இல்ல?"

"படுப்பேன். வேண்டுதல்ல படுக்கிறதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"அப்ப எழுந்திருக்கும்போது நடுவுல குந்தித்தானே எழுந்திருக்கணும்?"

"அது ஸ்டாப் இல்லம்மா. ஸ்பீடு பிரேக்கர்."

வேண்டுதல் என்றாரே, அதைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் கோலார் தங்கவயலிலிருந்தும் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்கள். தெரு முனையில் சின்னதாக ஒரு அம்மன் கோயில் கட்டி, ஆடி மாதம் பூங்கரகம் எடுக்கிறோம். நீர்நிலைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு, அங்கேயே பூ ஜோடித்து, அம்மனை வரவழைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு வருவது முறை. முறை தவறாமல் ஏரிக்கரைக்குத்தான் போவோம். பம்பை, உடுக்கை எல்லாம் உண்டு. ஆனால் குடத்தில் ஊற்றுவது கேன் தண்ணீர். ஏரி அப்படி இருந்தது. மேலே நுரை, நடுவில் ஆகாயத்தாமரை, கரையெல்லாம் இடித்த வீடுகளின் செங்கலும் சிமெண்டும். அந்தத் தண்ணீரை எடுத்து அம்மன் குடத்தில் ஊற்ற எங்களுக்கு மனசு வரவில்லை.

ஒரு ஆடியில் கேன் ஏற்றி வந்த டெம்போ ஓசூர் ரோட்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. பம்பைக்காரர்கள் அடித்து அடித்துக் கை ஓய்ந்து ஓரமாகப் போய் பீடி பற்ற வைத்துவிட்டார்கள். கண்டக்டரம்மா ஏரியைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார்.

"பூசாரிண்ணா, இன்னாத்துக்கு நிக்கிறோம்?"

"கேன் வரணும்மா."

"ஆத்தா எதுல வர்றா?"

"தண்ணிலம்மா."

"தண்ணி எதுல வருது?"

"டெம்போலம்மா."

அவர் முகம் மாறிவிட்டது. கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, இவ்ளோ பெரிய ஏரிய வெச்சுகினு உன்ன டெம்போல வர வெச்சுட்டோம். இந்தத் தண்ணில உனக்குக் கரகம் ஜோடிக்கிற வரைக்கும் நான் குந்த மாட்டேன்."

பூசாரி பதறிப்போனார். "யம்மா, மாத்திக்கம்மா. மொட்ட போடு, கூழு ஊத்து, எதுனா நடக்கிற காரியமா வேண்டிக்க."

"டிக்கெட்டு கிழிச்சாச்சு பூசாரிண்ணா. திரும்ப ஒட்ட முடியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் விசில் கேட்டது. பழைய பஸ் விசில். எழுந்து வெளியே வந்தவர்கள் எல்லோரும் ஏன், எதற்கு என்று கேட்காமல் ஏரிக்கரையில் போய் நின்றோம். அதற்கு அவர் 'ட்ரிப்' என்று பெயர் வைத்தார். ஞாயிறுதோறும் ஒரு ட்ரிப். அரசமரம் ஒரு ஸ்டாப், மதகு ஒரு ஸ்டாப், சாக்கடை வந்து விழுகிற மோரி கடைசி ஸ்டாப். ஒரு ஸ்டாப்பில் குப்பை தீர்ந்தால்தான் அடுத்த ஸ்டாப்புக்கு விசில். "முந்தே ஹோகி, முன்னாடி போங்க, படில நிக்காதீங்க" என்று கத்துவார். கரையில் படியே கிடையாது. ஆனாலும் எல்லோரும் ஓர் அடி நகர்ந்து நிற்போம். அபார்ட்மெண்டிலிருந்து வந்த சாஃப்ட்வேர் பிள்ளைகள்கூட நகர்ந்தார்கள்.

பிறகு கரையை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து ரிசர்வ் சீட் ஆக்கினார். கறிக்கடை பாய்க்கு ஒரு துண்டு, எங்களுக்கு அடுத்த துண்டு. அந்த இடத்தில் கோரையும் சம்பும் வெட்டிவேரும் நட்டு, மண் சரியாமல், குப்பை சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அந்த வீட்டின் பொறுப்பு. நல்ல இடம் கைவிட்டுப் போகக் கூடாதே என்று நான் முந்திக்கொண்டு என் தோள் துண்டை விரித்துப் போட்டேன். பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போடுவோமே, அந்தப் பழக்கம்தான். கண்டக்டரம்மா அதை இரண்டு விரலால் தூக்கி முள்ளுச்செடி மேல் வீசினார்.

"துண்டு போட்டு சீட்டு புடிக்கிறதெல்லாம் என் வண்டில நடக்காதுப்பா. நாத்து நட்டாதான் சீட்டு."

ஒருநாள் இடிபாடு ஏற்றிய லாரி ஒன்று கரையில் கொட்டுவதற்காகப் பின்பக்கமாக வந்தது. ஆண்கள் நாங்கள் ஆளுக்கு ஒரு நியாயம் பேசிக்கொண்டிருந்தோம். கண்டக்டரம்மா லாரிக்குப் பின்னால் போய் நின்று, "ஹோல்டேன்" என்று ஒரு விசில் அடித்தார். லாரி அப்படியே நின்றது. அடுத்து இரண்டு விசில். "ரைட், ரைட், போலாம்." கொட்ட வந்ததைக் கொட்டாமல், லாரி வந்த வழியே போய்விட்டது. ஏன் திரும்பினோம் என்று அந்த டிரைவர் ஓசூர் தாண்டித்தான் யோசித்திருப்பார். நான் அம்மன் அருளை நம்புகிறவன். அது விசில் வழியாகவும் வரும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

மோரி விஷயம்தான் பெரிய விஷயம். புதிய லேஅவுட் ஒன்றின் சாக்கடை நேராக ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அதைத் திருப்பிவிடச் சொல்லி இன்ஜினியர் ஆபீசுக்குப் போனோம். இன்ஜினியர் நல்ல மாதிரி மனுஷர்தான். "கூத்கொள்ளி அம்மா" என்றார்.

"பேடா சார், வேணாம். மோரி திரும்பினப்புறம் குந்துறேன்."

வயதான அம்மா நிற்கும்போது அவர் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பார்? எழுந்தார். சாரே நிற்கிறாரே என்று பக்கத்து மேஜைக்காரர் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் தேசிய கீதம் பாடுகிற மாதிரி ஆபீஸ் மொத்தமும் நின்றது. மறு வாரமும் போனோம், அதற்கடுத்த வாரமும் போனோம். எங்களைத் தூரத்தில் கண்டாலே அங்கே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கடைசியில் இன்ஜினியர், "நானே வந்து பார்க்கிறேன் தாயி, நீங்க வராதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் மோரி திரும்பியது.

அதற்குள் அவருடைய முட்டி வீங்கிவிட்டது. வலது கால் தூண் மாதிரி ஆகிவிட்டது. இனியும் உட்காரவில்லை என்றால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அவர் மகள் அழாத நாளில்லை. என் மனைவி விளக்கேற்றும்போதெல்லாம், "ஆத்தா, எங்க ஏரியப் பாக்காட்டியும் போவுது, அந்தம்மா முட்டியப் பாரு" என்று வேண்டிக்கொள்வாள்.

மோரி திரும்பின வருஷத்து ஆடியில் தண்ணீர் தெளிந்தும் தெளியாமலும் இருந்தது. அம்மனுக்கு ஆகாது. பூசாரிக்குப் பொறுக்கவில்லை. இரக்கத்தில் ஒரு காரியம் செய்தார். சம்புப் புதருக்குள் கேனை ஒளித்து வைத்து, அதில் குடத்தை நிரப்பி, ஏரியில் மொண்டது போலக் கொண்டு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று குங்குமம் வைத்துத் தயாராக இருந்தது. தெருவே கூடி நின்றோம்.

கண்டக்டரம்மா குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இது எந்த ஸ்டாப்ல ஏறுச்சு பூசாரிண்ணா?"

"ஏரிலதாம்மா."

"ஏரி ஸ்டாப்ல நான்தான நின்னுகினு இருக்கேன். ஏறலியே."

பூசாரி சம்புப் புதரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆத்தாவயே வித்தவுட்ல கூட்டினு போறியாண்ணா?"

குரலில் கோபமே இல்லை. எங்களுக்கோ அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்தத் தூண் காலோடு ஊர்வலம் முழுக்க நடந்து வந்தார். அந்த நாற்காலியில் பிறகு பூசாரியும் உட்காரவில்லை, நாங்களும் உட்காரவில்லை. பயம்.

அடுத்த மழைக்கு ஏரி நிறைந்தது. கோரையும் சம்பும் ஆள் உயரம் வளர்ந்து கரையைப் பிடித்துக்கொண்டன. தண்ணீரில் இறங்கினால் நம் பாதம் நமக்குத் தெரிந்தது. பாய் ஒருநாள் கடையை விட்டுவிட்டு ஓடி வந்து, தன் சீட்டில் நீர்க்கோழி முட்டை வைத்திருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி வந்தது. யாரும் கேன் கொண்டு வரவில்லை, நாற்காலியும் கொண்டு வரவில்லை. பூசாரி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, செம்புக் குடத்தை முக்கி எடுத்தார். உள்ளே பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

"அம்மா, மீன் இருக்கு."

கரகக் குடத்தில் மீன் ஆகாது. எல்லாம் சரியாகி இதற்காகவா நின்றுபோக வேண்டும்? கரையோரம் வரை நொண்டிக்கொண்டு போன கண்டக்டரம்மா குடத்துக்குள் பார்த்தார். விரல் நீளத்தில் ஒரு குட்டி மீன் குடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"அது பாஸ் வெச்சிருக்கும்ணா. எறக்கி வுட்டுட்டு வேற மொண்டு வா."

பூசாரி மீனை இறக்கி விட்டு, மறுபடியும் மொண்டார். பூ ஜோடித்தோம். பம்பை அதிர, கரகம் தலைக்கு ஏறியது. அம்மன் மன்னிக்க வேண்டும், அந்த நேரம் நாங்கள் ஒருவரும் கரகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் கண்டக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கரையில் பழைய துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. என் மனைவி ஓடிப்போய் முந்தானையால் அதைத் துடைத்தாள். கண்டக்டரம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். பாதியில் நின்றார். மறுபடி குனிந்தார். பம்பைக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். கரகம் ஏந்திய பூசாரியும் நின்றுவிட்டார்.

உட்கார்ந்துவிட்டார்.

ஏரியை ஒரு சுற்றுப் பார்த்தார். முட்டியைத் தடவிக்கொண்டார். "இவ்ளோ சொகமா இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார். பிறகு சுற்றி நின்ற எங்களைப் பார்த்து, விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

"ரைட். என்னப் பாத்துகினு ஆத்தாவ நிக்க வெக்காதீங்க. போலாம்."

இப்போது அவர் மகளோடு ஒக்கலிபுரத்துக்குக் குடி போய்விட்டார். முட்டிக்கு ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறார், உட்கார்ந்தே காபி குடிக்கிறார் என்று மகள் போனில் சொன்னாள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ட்ரிப் நிற்கவில்லை. கூட்டம் எவ்வளவு வந்தாலும் அந்தக் கல்லில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. தெரியாதவர் யாராவது போனால், "அது லேடீஸ் சீட்டுங்க" என்று என் மனைவி எழுப்பிவிடுவாள்.

நானும் கரைக்குப் போனதும் முதல் வேலையாக என் துண்டை அந்தக் கல் மேல் விரித்துப் போடுகிறேன். அவர் பார்த்தால் முள்ளுச்செடி மேல் தூக்கி வீசிவிடுவார் என்று தெரியும். வந்து வீசட்டும்.