தூம்புக்கல்லுக்கு ஒரு தலைமை விருந்தினர்

ஒரு காட்டில் யானைகளின் முப்பாட்டன்மார் வெட்டிய ஏரி ஒன்று உண்டு. கெட்டிக்காரர்கள் அவர்கள். ஏரிக்குள் கல்லால் ஒரு தூம்பு கட்டி, அதன் துளையைக் கல் அடைப்பானால் மூடி வைத்திருந்தார்கள். நீர் ஏறினால் ஏதாவதொரு யானை வந்து அடைப்பானைத் தூக்கும். தண்ணீர் அடிச்சேற்றையும் வாரிக்கொண்டு கால்வாயில் ஓடிவிடும்.

இந்தப் பெருமை எப்படியோ வெளியே தெரிந்துபோயிற்று. பாரம்பரிய அலுவலராகக் கரடி ஒன்று வந்து, ‘தொன்மைச் சின்னம், தொடாதீர்’ என்று பலகை நட்டது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கரைக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்த செலின் என்ற கீரிக்குக் கண் திறக்காத குட்டிகள் மூன்று. வளைச்சுவரில் ஈரம் கசிந்தது. கவ்விக்கொண்டு ஓடலாம்தான். ஆனால் இருப்பது ஒரு வாய். எந்தக் குட்டியை விட்டுவிட்டுப் போவது?

கரடியிடம் ஓடியது.

“சார், கரை உடையப் போகுது. யானையண்ணனைக் கல்லைத் தூக்கச் சொல்லுங்க.”

“தூக்கறதா? அது எவ்வளவு பழசு தெரியுமா?”

“தண்ணி விடத்தானே சார் கட்டினாங்க?”

“அது அப்போ. இப்போ அதுக்கு மதிப்பு வந்துடுச்சும்மா.”

“எங்க முப்பாட்டன் கட்டினதுதான். நான் தொட்டா எம்மேலேயே கேஸாம்,” என்று பக்கத்தில் நின்ற யானை தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டது.

செலின் குரலை மாற்றியது. “இவ்வளவு மதிப்புள்ளதுக்கு ஒரு விழாகூட எடுக்கலையே சார். தலைமை விருந்தினரா புலி ஐயாவைக் கூப்பிட்டா வர மாட்டாரா?”

கரடியின் காது நிமிர்ந்தது. “வருவாரு. வந்தா அவர் கையால எதையாவது செய்ய வைக்கணுமே. இந்த மழையில குத்துவிளக்கு எரியாது.”

“கல்லை லேசாத் தூக்கற மாதிரி ஒரு போட்டோ?” என்றது செலின், தரையைப் பார்த்தபடி.

மதியத்துக்குள் பந்தல் நின்றது. பொன்னாடை போர்த்திக்கொண்ட புலி அடைப்பானில் ஒரு விரலை வைத்தது. பின்னால் நின்று யானை தூக்கியது. தண்ணீர் கால்வாயில் பாய்ந்தது.

“போதும், இறக்கு,” என்றது கரடி.

“ஐயா கண்ணை மூடிட்டாரே,” என்றது செலின். “இன்னொண்ணு எடுத்துடலாம்.”

அடுத்ததில் மீசை சரியில்லை. அதற்கடுத்ததில் கரடி மறைத்தது. ஐயாவுக்குப் பிடித்த படம் ஒன்று அமைவதற்குள் ஏரி பாதியாக இறங்கியிருந்தது.

செலின் வளைக்குத் திரும்பியது. சுவர் நின்றிருந்தது. நடுக்குட்டி கொட்டாவி விட்டது.

நீதி: முன்னோர் கட்டியது ஆபத்துக்குத் திறக்காது, போட்டோவுக்குத் திறக்கும். ஆகவே பிள்ளை பெற்றவர்கள் வீட்டில் எப்போதும் ஒரு பொன்னாடை வைத்திருக்கவும்.