காலிபர் ஐயாவின் உள்ளங்கை

ஒரு கொசுவைக்கூட அடிக்காமல் ஆயிரம் மான்களைக் கொன்ற மனிதர் ரங்கூனிலேயே ஒருவர்தான் இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், அந்த ஊர்க் கியாக்டடாப் பேட்டையில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த துப்பாக்கிக் கடையின் விற்பனையாளர் அவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. காலிபர் ஐயா என்றால் ரிக்‌ஷாக்காரனுக்கும் தெரியும். சுத்த சைவம். முட்டைக் கூடை எதிரே வந்தால் தெரு மாறிப் போவார்.

எந்த மிருகத்துக்கு எந்தக் காலிபர், அதாவது குழல் அளவு, என்பதில் மட்டும் மனிதர் அசையமாட்டார்.

"குண்டு சின்னதுன்னா காயத்தோட ரெண்டு நாள் அலைஞ்சு சாகும். பெரிசுன்னா கறியே மிஞ்சாது. ரெண்டு பாவமும் சுட்டவனுக்கில்ல, வித்தவனுக்கு!"

துப்பாக்கி தோளில் உதைக்கும் உதையையும் அவரே காட்டுவார், உள்ளங்கையால். "இது இருநூத்தி எழுபத்தஞ்சு" என்று செல்லமாக ஒரு தட்டு. "இது நானூத்தி எழுபது" என்றால் வாங்க வந்தவர் நாற்காலியோடு நகர்வார்.

ஒருநாள் காலை மானேஜர் ஐயாவைப் பார்த்துக் கத்தினார்: "அந்த நானூத்தி எழுபது யானைத் துப்பாக்கி ரெண்டு வருஷமா அலமாரியில தூங்குது. இன்னிக்கு விக்கலேன்னா நீர் ஊருக்குக் கப்பலேறலாம்!"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல், ஓர் அரிசி ஆலை முதலாளி வந்து அதையே கேட்டார்.

"என்ன வேட்டைங்க?" என்றார் ஐயா.

"மேல்பர்மாப் பொட்டல்ல தமின் மான்."

"மானுக்கு எதுக்குங்க நானூத்தி எழுபது? பொட்டல்ல அது பக்கத்துல விடாது. தூரத்துக்கு நேராப் போற இருநூத்தி எழுபத்தஞ்சுதான் சரி."

"பெரிசுதான்யா வேணும். நாலு பேரு பாக்கணும்ல?"

கண்ணாடி அறையிலிருந்து மானேஜர் கண்ணாலேயே கெஞ்சினார், பிறகு மிரட்டினார். ஐயா சட்டைக் கையை மடித்தார். நான் தட்டச்சை விட்டு எழுந்தேன்.

"ஐயா, வேணாம்!"

"இதாங்க நானூத்தி எழுபது."

முதலாளி, தொப்பி மாட்டும் கம்பத்தையும் துணைக்கு இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மானேஜர் ஓடிவந்தார். முதலாளியோ தோளைத் தடவியபடி, "அந்தச் சின்னதையே குடுங்க" என்றார்.

"அவரு வேட்டையிலேர்ந்து வந்து ஒரு குறை சொல்லட்டும், அன்னிக்கே உமக்குக் கப்பல் சீட்டு!" என்றார் மானேஜர்.

ஒரு மாதம் ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஆலை ஆள் ஒருவன் மான் தொடை ஒன்றைக் கொண்டுவந்தான். ஐயா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எத்தனை குண்டு?" என்றார்.

"ஒண்ணுதாங்க. நின்ன எடத்துலயே விழுந்துடுச்சு. மொதலாளிக்கு ஒரே சந்தோஷம்."

ஐயாவின் கண் கலங்கியது. மானேஜர் தொடையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். வேலை தப்பியது.

சில வருஷம் கழித்து நான் ஊருக்குக் கப்பலேறியபோது, துறைமுகத்துக்கு வழியனுப்ப வந்த ஐயா கையை ஓங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். கை பூப்போல வந்து தோளில் உட்கார்ந்தது.

"இது என்ன அளவுங்க?"

"இதுல தோட்டா போடல, தம்பி."

நானூற்றெழுபதையும் வாங்கிய தோள் இது. ஆனால் இன்றுவரை வலிப்பது தோட்டா போடாத அந்த ஒன்றுதான்.