பிழையான வீட்டில் அழுத கதை

அழுவதற்கும் சரியான விலாசம் வேண்டும். இதை நான் நாற்பத்தாறு வயதில், நகரத்தின் ஓரத்துப் பியர்பொன்ட்ஸில், முன்பின் தெரியாத ஒரு மனிதரின் தோளில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றபோதுதான் கற்றுக்கொண்டேன். அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனம் இன்றைக்கும் என்னை 'அழுகை மாமா' என்றுதான் சொல்கிறது. (என் பெயர் யோகன். அது ஒருவருக்கும் ஞாபகமில்லை.)

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய். அது என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

அந்த நாளில் நாங்கள் இருந்தது நகரத்துக்குள்ளே, நோத்ர-டாம்-த-கிரேஸில், ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில். எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு குலம் அண்ணையுடையது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையை எனக்கு எடுத்துத் தந்தவர் அவர்தான். அவருடைய மனைவி செல்வி அக்கா, என் மனைவி வதனி பிள்ளை பெற்று வந்த மாதம் முழுக்க எங்களுக்குச் சரக்குக்கறி காய்ச்சிக் கொண்டுவந்து தந்தவர். வீட்டில் உப்பு முடிந்தால் நாங்கள் கடைக்குப் போனதில்லை. எதிர்க் கதவைத் தட்டுவோம். பிள்ளை குட்டி இல்லாத அந்த இரண்டு பேருக்கும் எங்கள் வீடுதான் மற்ற அறை.

அப்படிப்பட்டவர்கள் ஒருநாள் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிவிட்டார்கள். மறைப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது. ஒன்றாகப் பெட்டி தூக்கிய மனிதர் கார் விடக் கராச் வைத்த வீட்டுக்குப் போகிறார், நான் இன்னும் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று கட்டிடக்காரனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குடிபுகுந்த அன்று நாங்களும் போனோம். மெட்ரோ, பிறகு ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். இறங்கிப் பார்த்தால் ஒரு புதுத் தெரு. எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே சாம்பல் கல், ஒரே வெள்ளைக் கராச் கதவு, வாசலில் கைத்தடி பருமனில் ஒரு மரம். தெருவில் நடப்பதற்கு ஓரப் பாதைகூட இல்லை. நடக்கிற ஆட்களும் இல்லை. அந்தத் தெருவோடு ஊர் முடிந்து சோளக்காடு தொடங்கியது. குலம் அண்ணை என்னை யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் காட்டைப் பெருமையோடு காட்டினார்.

வாய் திறந்தது.

"உதென்ன அண்ணை, சோளக்காட்டுக்குள்ள வந்து குந்தியிருக்கிறியள்? இஞ்சை செத்துக் கிடந்தாலும் ஒரு குஞ்சு குருமான் எட்டிப் பாக்காது!"

வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாயாசத் தட்டோடு வந்த செல்வி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்பிடிச் சொல்லாதை யோகன்," என்று சொல்லிவிட்டு எனக்குப் பாயாசத்தை நீட்டினார். நானும் வெட்கமில்லாமல் இரண்டு கப் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஏழு வருசம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. குளிர் காலத்தில் பனி, கோடை காலத்தில் இரட்டை ஷிப்ட், இடையில் பஸ் நேரம் சரிவரவில்லை. குலம் அண்ணையும் வேறு வேலைக்கு மாறிவிட்டார். டெலிபோனில் கதைப்பதும் தைப்பொங்கல், தீபாவளி என்று சுருங்கியது. நான் பகிடிக்குச் சொன்ன சொல்லை நானே முன்னுக்கு நின்று நிறைவேற்றிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வருசம் நவம்பரில் செல்வி அக்கா செத்துப்போனார். நெஞ்சு நோகிறது என்று சொல்லிக் கதிரையில் இருந்தவர், அவ்வளவுதான்.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்றும் நான் போகவில்லை, தகனத்துக்கும் போகவில்லை. வேலை என்று சொன்னேன். லீவு கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது? வதனி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய் வந்து, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பேசினாள்.

"இஞ்சேருங்கோ. நாளையிண்டைக்கு எட்டாம் நாள் காரியம். அதுக்கு முன்னம் போய் அந்த மனிசன்ரை கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேளுங்கோ. கேக்காமல் இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்."

"நீரும் வாருமன்."

"நான் வரமாட்டன். உங்கட வாய் செய்த வேலையை உங்கட வாயே போய்க் கழுவட்டும்."

செத்தவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சுற்றி ஒரு மஞ்சள் ஐஸ்கிறீம் வாளிக்குள் வைத்துத் தந்தாள். (நம்மவர் வீடுகளில் ஐஸ்கிறீம் வாளிக்குள் ஐஸ்கிறீம் தவிர மற்ற எல்லாம் இருக்கும்.) விலாசத்தை எழுதித் தரவோ என்று கேட்டாள். "எனக்குத் தெரியாத வீடோ?" என்றேன். ஏழு வருசம் போகாதவன் விலாசமும் கேட்டால் மரியாதை என்னாவது?

பஸ்ஸில் போகும்போது மன்னிப்பைப் பாடமாக்கினேன். மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, அழுகை நன்றாக வந்த விதத்தைத் தேர்ந்தெடுத்தேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சோளக்காட்டுக்கு முன் கடைசித் தெரு, இடப்பக்கம் மூன்றாவது வீடு. பஸ் போய்க்கொண்டே இருந்தது. வீடு, வீடு, வீடு. சோளக்காட்டைக் காணவில்லை. நாலரை மணிக்கே இருட்டிவிட்டது, மழைத் தூறல் வேறு. கடைசியில், ஒரு குடும்பம் பல்லைக் காட்டிச் சிரிக்கிற, வெளிச்சம் போட்ட ஒரு வீட்டு விளம்பரப் பலகையும் அதற்குப் பின்னால் கறுப்பாகச் சோளத் தட்டைகளும் தெரிந்தன. மணியை அடித்து இறங்கினேன்.

ஏழு வருசத்தில் ஊர் நகர்ந்து, காடு பின்வாங்கியிருக்கும் என்ற எண்ணம் இந்த மூளைக்கு எட்டவில்லை. எப்படி எட்டும்? முன்னால் நின்றது அதே சாம்பல் கல், அதே வெள்ளைக் கராச், அதே கைத்தடி மரம். இடப்பக்கம் மூன்றாவது வீட்டில் கராச் திறந்து கிடந்தது. உள்ளே மடக்குக் கதிரைகள், ஒரு குவியல் சப்பாத்து. தமிழ்ச் சனம் கூடியிருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

செத்தவீட்டு முறை உங்களுக்குத் தெரியும். மணி அடிக்கக் கூடாது. வணக்கம் சொல்லக் கூடாது. அவர்கள் 'வாங்கோ' சொல்ல மாட்டார்கள், நாங்களும் போகும்போது 'போட்டு வாறன்' சொல்ல மாட்டோம். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்க் கையைப் பிடிப்பதுதான். நான் முறை தவறாதவன். தலையைக் குனிந்துகொண்டு போனேன். உள்ளே சூடு பட்டதும் என் மூக்குக்கண்ணாடி புகைந்து, உலகம் வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளைக்குள், குலம் அண்ணையைப் போலவே மொட்டைத் தலையோடு ஒரு குண்டு உருவம் எழுந்து வந்தது.

"வாங்கோ, வாங்கோ," என்றது.

பாவம், மனிசன் துக்கத்தில் முறையையும் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு நெஞ்சு உடைந்தது. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"அண்ணை, என்னை மன்னியுங்கோ! செல்வி அக்காவின்ரை முகத்தைக் கடைசியா ஒருக்காப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கேல்லை. ஏழு வருசமா ஒளிச்சுத் திரிஞ்சிட்டன். அவ போயிட்டா. இனி ஆரிட்டைச் சொல்லி அழுவன்?"

அந்த உருவம் மரம் போல நின்றது. நான் வாளியை அவர் கையில் திணித்தேன்.

"அடுப்பு மூட்டியிருக்க மாட்டியள் எண்டு வதனி தந்துவிட்டவ."

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "இஞ்சேருங்கோ, ஆர் அந்தச் செல்வி?"

இன்னொரு பெண் குரல், கொஞ்சம் உறுதியாக: "ஓம், நாங்களும் அதைத்தான் கேக்கப் போனனாங்கள். ஏழு வருசமோ?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். என் வாழ்க்கையில் செய்த பெரிய பிழைகளில் அதுவும் ஒன்று. புகையோடேயே திரும்பி நடந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு மேசை. அதில் லட்டு, பயத்தம்பணியாரம், வாழைப்பழம், வெற்றிலைத் தட்டம். ஒரு பக்கச் சோபாவில் கோட் போட்ட ஒரு பொடியனும் அவன் தாய் தகப்பனும். தேத்தண்ணித் தட்டோடு பட்டுச் சேலையில் வீட்டுக்காரி. படிக்கட்டில் நகை போட்டு ஒரு பெண் பிள்ளை. சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐயோ, கோதாரி.

நான் பெண் வீட்டுச் சொந்தம் என்று மாப்பிள்ளை பகுதி நினைத்ததாம். மாப்பிள்ளை பகுதி என்று பெண் வீடு நினைத்ததாம். அதனால்தான் ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. இப்போது இரண்டு பகுதியும் சேர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தன. அந்த அப்பாவி மனிதர் மஞ்சள் வாளியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சத்தியமா ஒரு செல்வியையும் தெரியாதப்பா," என்று மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் விளக்கத் தொடங்கினேன். எனக்கு விளக்கத் தெரியாது. செத்தவீடு என்ற சொல்லை ஐந்தாறு தரம் சொல்லியிருப்பேன். அந்தச் சொல் விழுந்த ஒவ்வொரு தரமும் மாப்பிள்ளையின் தாய் கைப்பையை ஒரு அங்குலம் கிட்ட இழுத்தார். கடைசியில் தேத்தண்ணி குடியாமலே எழும்பிவிட்டார்கள். நல்ல காரியத்துக்கு நடுவில் இழவுச் சோறு வந்தால் ஆர்தான் இருப்பார்கள்?

வீட்டுக்காரர் என்னை அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் கதிரையில் இருந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ரெண்டு வருசமாத் தேடின இடம்," என்று மட்டும் சொன்னார். இப்போதும் அந்தக் குரலை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தப் பிள்ளைதான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "குலம் அங்கிள் வீடோ? அப்பாவுக்குத்தான் தெரியாது, எனக்குத் தெரியும். அது பின்னால, ஆறு தெரு தள்ளி. வாங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்."

"இந்த நேரத்திலை நீ எங்கையடி போறாய்?" என்று தாய் கத்தினார்.

"மழை பெய்யுது அம்மா," என்று சொல்லிவிட்டு, தகப்பன் மடியிலிருந்த வாளியை வாங்கி என்னிடம் தந்தாள். காரில் அவள் தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. சிரிப்போ அழுகையோ, கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

(அந்தச் சம்பந்தம் ஒப்பேறவில்லை. என்னால்தான் என்கிறார்கள் சிலர். பொடியனுக்கு ரொறன்ரோவில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள் என்கிறார்கள் வேறு சிலர். நான் இரண்டாவதை நம்புகிறேன். நம்பினால்தான் எனக்கு நித்திரை.)

குலம் அண்ணை வீட்டில் கராச் பூட்டிக் கிடந்தது. வாசலில் ஒரே ஒரு சோடிச் சப்பாத்து. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போனேன். அவர் தனியாகக் கதிரையில் இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். 'வாங்கோ' என்று சொல்லவில்லை. இதுதான் சரியான வீடு.

அவர் கையைப் பிடித்தேன். அழுகை வரவில்லை. பாடமாக்கிய மன்னிப்பு ஒரு சொல்லும் வரவில்லை. எல்லாவற்றையும் அங்கே கொட்டிவிட்டு வந்திருந்தேன். கட்டை மாதிரி நின்றேன்.

அவர்தான் பேசத் தொடங்கினார்.

"நீ சொன்னது பிழைச்சுப் போச்சு, தெரியுமே? சனம் வந்தது. மண்டபம் கொள்ளாத சனம். நீ ஒருத்தன்தான் வரேல்லை."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அவ ஞாயிற்றுக்கிழமையிலை ரெண்டு சுண்டு அரிசி கூடப் போடுவா. வீணாப் போகுதெண்டு நான் பேசுறனான். யோகனாக்கள் வந்தாலும் வருவினம் எண்டுவா. ஏழு வருசம், ஒரு ஞாயிறு விடேல்லை."

வாளியை மேசையில் வைத்தேன்.

"கண் ஏன் உப்பிடிச் சிவந்து கிடக்கு?" என்று கேட்டார்.

சொன்னேன். சோளக்காடு நகர்ந்ததை, கண்ணாடி புகைந்ததை, 'ஆர் அந்தச் செல்வி' என்றதை, ஒன்றும் விடாமல். அவர் முதலில் முழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "அட விசரா! பெண் பாக்கிற வீட்டிலையோ ஒப்பாரி வைச்சனீ?" சிரித்துச் சிரித்து, பாதியில் அது அழுகையாக மாறியது. அவர் அழ, எனக்கும் எங்கிருந்தோ மிச்சம் வந்தது. இரண்டு பேரும் அழுது முடித்து, வாளியைத் திறந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டோம். சுண்டு சுண்டாக அரிசி போட்டுக் காத்திருந்த அக்காவின் வீட்டில், நான் என் சோற்றைக் கொண்டுபோய்ச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். நான் சப்பாத்துப் போட்டாலே என் மகள், "அப்பா, சரியான வீட்டிலை அழுங்கோ," என்பாள். அந்த விளம்பரப் பலகை நின்ற இடத்தில் இப்போது வீடுகள். பலகை இன்னும் தள்ளிப் போயிருக்கிறது. அதில் அதே குடும்பம் அதே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

நான் இரண்டாம் ஞாயிறு போனபோதே குலம் அண்ணையின் தபால் பெட்டிக் கம்பத்தில் எங்கள் மஞ்சள் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார். தெரு முனையிலிருந்தே தெரிந்தது.

"உதேன் அண்ணை?" என்றேன்.

"என்ரை செத்தவீட்டுக்காவது நீ நேர வந்து சேரவேணும்."

போன குளிருக்கு அந்த வாளி வெடித்துவிட்டது. நான்தான் புதிதாக ஒன்று கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்தேன்.